வண்டிக்கு வயசு பார்ப்பதா, புகை பார்ப்பதா?

24 ஆகஸ்ட் 2025, குடியாத்தம் வாசகர் கேட்டது

அண்ணா, எங்க வீட்டில் 2005 மாடல் பெட்ரோல் கார் ஒண்ணு இருக்கு. 20 வருஷம் முடிஞ்சுபோச்சு. ஆர்சி புதுப்பிக்க இப்ப பீஸ் ஏறிடுச்சுன்னு புரோக்கர் சொல்றார். காயலான் கடைக்காரர் 22 ஆயிரம் தர்றேன்னு வாசலுக்கே வந்துட்டார். டெல்லி மாதிரி இங்கேயும் பழைய வண்டியைப் பிடிச்சு உடைச்சிடுவாங்கன்னு அப்பா பயப்படுறார். காற்று மாசு குறையணும்னா பழசெல்லாம் போய்த்தானே ஆகணும்? போட்டுடலாமா?

24 ஆகஸ்ட், இரவு

அவசரப்படாதீர்கள் தம்பி. வயசானதற்காக மட்டும் வீட்டுக் காரை உடைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. சொந்த உபயோகக் காருக்கு முதல் ஆர்சி 15 வருஷம், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். வண்டி தகுதியாக இருக்க வேண்டும், பீஸ் கட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 2021இல் வந்த மத்திய அரசின் பழைய வண்டி உடைப்புக் கொள்கைக்குப் பெயரிலேயே ‘தன்னார்வ’ என்று இருக்கிறது. அரசு வண்டிகளுக்குத்தான் கறாரான விதி. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது.

என் கருத்து இதுதான்: வயசை வைத்து வண்டியை ஒதுக்குவது தப்பு. புகையை அளந்து ஒதுக்க வேண்டும். உங்கள் காருக்கு 5,000 ரூபாய் கட்டிவிட்டு ஓட்டுங்கள்.

25 ஆகஸ்ட்

நேற்று தொகையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். 2022 ஏப்ரலில் கார் புதுப்பிப்புக் கட்டணம் 600இலிருந்து 5,000 ஆனது, பைக்குக்கு 300இலிருந்து 1,000. அது 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு. இந்த மாதம் வந்த அறிவிப்பில் 20 வருஷம் தாண்டினால் காருக்கு 10,000, இருசக்கரத்துக்கு 2,000 என்று ஆகிவிட்டது. உங்கள் புரோக்கர் சொன்னது சரி.

டெல்லி கதை வேறு. அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்ற கணக்கைப் பசுமைத் தீர்ப்பாயம் கொண்டுவந்தது, உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. இந்த ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிக்கு பெட்ரோல் பங்கில் எண்ணெயே போடக்கூடாது என்றார்கள். ஜனங்கள் கொந்தளித்ததும் ரெண்டு மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் வயசை மட்டும் காரணமாக்கி இப்போதைக்குக் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. அப்பாவிடம் சொல்லுங்கள், குடியாத்தத்தில் யாரும் காரைத் தூக்க வரப்போவதில்லை.

27 ஆகஸ்ட்

"உனக்கு என்ன அனுபவம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

எங்களிடம் 2008இல் எடுத்த ஒரு குட்டி யானை இருந்தது. ரெண்டு சிலிண்டர் டீசல். விடியற்காலை மூன்று மணிக்கு வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய் ஏற்றினால் காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம் என்று கடை கடையாக இறக்கிவிட்டு வரும். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டருக்குக் குறையாது. நைனாதான் ஓட்டுவார். முதல் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) ரெண்டு வருஷத்துக்கு, அப்புறம் வருஷா வருஷம்.

பத்து வருஷத்துக்குப் பிறகு அது தள்ளிய புகை இருக்கிறதே, கிரீன் சர்க்கிள் மேம்பாலம் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிறவர் முகம் தெரியாது. பைக்கில் வருகிற பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போவார்கள். நாசில் சர்வீஸ் செய்தால் ஒரு மாசம் நன்றாக இருக்கும். மறுபடி ஓவர்லோடு, மறுபடி கரும்புகை. பம்ப்பை முழுசாகக் கழற்றிப் பார்க்க அப்போது எங்களிடம் பணமில்லை. ஏர் ஃபில்டரை மாற்றாமல் தட்டித் தட்டிப் போட்டோம்.

என் பெரிய பெண்ணுக்கு அந்த வருஷங்களில்தான் வீசிங். இரவில் நெபுலைசர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வண்டி எங்கள் வீட்டுச் சந்தில்தான் நிற்கும். அதிகாலையில் நைனா அதை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் சூடாக்குவார். அந்த ஐந்து நிமிஷப் புகையும் எங்கள் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். வீசிங் வர அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு மூச்சு முட்டும்போது வெளியே நம்ம வண்டியே புகைந்துகொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

30 ஆகஸ்ட்

"பொல்யூஷன் சர்டிபிகேட் எடுத்தால் போதாதா?" போதாது.

டீசல் வண்டிக்கு சைலன்சரில் குழாயை நுழைத்து, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தி விட்டு, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தப் புகை அடர்த்தி எண் பழைய வண்டிக்கு 2.45 வரை அனுமதி, பிஎஸ் 4க்கு 1.62. பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், புது வண்டிக்கு அரசு வைக்கிற புகை வரம்பு; எண் ஏற ஏறக் கறார். நுரையீரலுக்குள் போய் உட்காருகிற நுண்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடையும் இந்தச் சோதனை அளப்பதே இல்லை. அளக்கிறதையாவது ஒழுங்காக அளக்கிறார்களா? எங்கள் வண்டிக்கு ஒரு முறை எடுத்த இடத்தில் நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ பிடித்தார்கள். குழாய் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷத்தில் ‘பாஸ்’ என்று தாள் வந்தது. நைனா சந்தோஷமாக வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை.

அதனால்தான் எஃப்சி சோதனையை இயந்திரமே செய்கிற மையங்களுக்கு மாற்றும் விதியை நான் ஆதரிக்கிறேன். பிரேக், புகை, லைட் எல்லாவற்றையும் மெஷின் பார்க்கும், ஆள் கையால் நம்பர் எழுத முடியாது. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரலில் கட்டாயம் என்றார்கள், பிறகு தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். கட்டணத்தை ஏற்ற மட்டும் தேதி தள்ளவில்லை. பஸ், லாரிக்கு 15 வருஷம் தாண்டினால் எஃப்சி புதுப்பிக்க 1,500ஆக இருந்தது 12,500 ஆனது. பணம் கட்டினால் புகை குறைந்துவிடாது. அளவுகோலை முதலில் சரிசெய்ய வேண்டும்.

3 செப்டம்பர்

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "வயசை வைத்து ஒதுக்குவது தப்பு" என்று அடித்துச் சொன்னது முழுக்கச் சரியில்லை.

வண்டி எந்த வருஷம் செய்யப்பட்டது என்பதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 2008இல் வேலூரில் விற்கிற வண்டிக்குக் கட்டாயம் பிஎஸ் 2தான். நாடு முழுக்க பிஎஸ் 3 வந்தது 2010இல், பிஎஸ் 4 வந்தது 2017 ஏப்ரலில், பிஎஸ் 6 வந்தது 2020 ஏப்ரலில். டீசல் காருக்கு பிஎஸ் 2 காலத்தில் கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம் துகள் வரை அனுமதி. பிஎஸ் 6இல் 4.5. டீசலில் இருக்கும் கந்தகமும் பத்து லட்சத்தில் 500 பங்காக இருந்தது 10 ஆகிவிட்டது. எங்கள் குட்டி யானையை எவ்வளவு சர்வீஸ் செய்திருந்தாலும் அது 4.5க்கு வந்திருக்காது. அதற்கான வடிகட்டியே அதில் கிடையாது.

ஆகவே வருஷத்தையும் பார்க்கத்தான் வேண்டும். கூடவே எவ்வளவு ஓடுகிறது என்பதையும். குடியாத்தம் தம்பி, உங்கள் கார் மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

4 செப்டம்பர்

150 கிலோமீட்டராம். அப்பாவை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரவும், ஒன்றிரண்டு கல்யாணத்துக்கும். வருஷத்துக்கு 1,800. எங்கள் வண்டி வருஷத்துக்கு 24,000 ஓடியது. ரெண்டுக்கும் ஒரே வயசுக் கோடு போடுவது எப்படி நியாயம்? நாள் முழுக்க ஊருக்குள் சுற்றுகிற டீசல் வண்டிகளை முதலில் கவனித்திருந்தால், எங்களுடையதை 2018லேயே ரோட்டை விட்டு இறக்கியிருக்க வேண்டும். எங்களுக்கே அது நஷ்டம்தான். இருந்தும் சொல்கிறேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

இன்று எழுதப்போவது கொஞ்சம் நீளம். இந்த விவாதத்தில் யாருமே தொடாத இடம் இது.

குட்டி யானையை 2023இல் விற்றோம். யாரிடம்? காயலான் கடையில்தான். 31 ஆயிரம் கொடுத்தார்கள். இந்த விவாதம் தொடங்கியதிலிருந்து மனசு அங்கேயே நின்றதால் இன்று அந்தக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, அந்த வரிசையில் எல்லாக் கடையும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஒரு பழைய வேன் வந்தது. முதலில் பேட்டரியைக் கழற்றினார்கள். அதைச் சாய்த்து உள்ளே இருந்த ஆசிட்டைச் சுவரோரச் சாக்கடையில் ஊற்றினார்கள். ஊற்றிய இடத்தில் சிமெண்ட் பொங்கி நுரைத்து அரித்தது. ஆசிட் இல்லாமல் எடை போட்டால்தான் ஈயத்துக்கு சரியான விலையாம். அடுத்து ஏசி குழாயை ரம்பத்தால் அறுத்தார்கள். சர்ரென்று ஒரு சத்தம், கேஸ் அவ்வளவும் காற்றில். இன்ஜினுக்குக் கீழே உள்ள போல்ட்டைத் திருகியதும் ஆயில் ஒரு பழைய தகர டப்பாவில் இறங்கியது. பாதி டப்பாவில், பாதி மண்ணில். டப்பாவில் பிடித்த ஆயிலுக்கு வாடிக்கை இருக்கிறது. கட்டட வேலைக்காரர்கள் செண்ட்ரிங் பலகைக்குத் தடவ வாங்கிப் போவார்கள். பிரேக் ஆயில், கூலன்ட், டேங்க்கில் மிச்சமிருந்த டீசல் எல்லாம் மண்ணுக்குத்தான். கடை முழுக்கத் தரை கறுப்பு, காலை எடுத்தால் செருப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற இடம் பின்னால் இருக்கிறது. அங்கே நிற்க முடியவில்லை, கண் எரிந்தது.

வேலை செய்கிற பையனுக்கு 17, 18 வயசிருக்கும். கையுறை இல்லை. விரல் நுனியெல்லாம் ஆசிட் பட்டு வெளுத்திருந்தது.

புகையைக் குறைக்க வண்டியை உடைக்கிறோம். உடைக்கும்போது விஷம் மண்ணுக்குப் போகிறது. இதை வேறு ஊர்க்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம், வடஆற்காட்டுக்காரனுக்கு வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஷாப் தண்ணீர் பாலாற்றுக்குள் போய் கிணறு கிணறாகக் கெட்டதைப் பார்த்தவர்கள் நாம். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் பொருந்தும் நெறியைச் சொன்னது நம் ஊர் வழக்கில்தான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது ‘வேலூர், வடஆற்காடு’ 100க்கு 81.79 வாங்கியது. 70 தாண்டினாலே மிக மோசம் என்பது அவர்கள் கணக்கு. அந்த மண்ணில்தான் இந்த ஆயிலும் இறங்குகிறது.

பதிவு பெற்ற உடைப்பு மையங்களுக்கான விதி 2021 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஆயில், எரிபொருள், கூலன்ட், ஏசி கேஸ், பேட்டரி எல்லாவற்றையும் முதலில் தனித்தனியாக எடுத்துவிட்டுத்தான் வண்டியில் கை வைக்க வேண்டும். இந்த ஏப்ரலில் அமலுக்கு வந்த இன்னொரு விதி, வண்டி தயாரிப்பவர்கள் பல வருஷத்துக்கு முன் விற்ற வண்டிகளில் இருந்த இரும்பில் 8 சதவீத அளவுக்காவது முறைப்படி உடைத்து மீட்கப்பட்டதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. கெடுத்தவன் செலவு என்ற நம் ஊர்த் தீர்ப்பு இதில் கொஞ்சம் தெரிகிறது.

8 செப்டம்பர்

"ஏழைகள் பிழைப்பில் கை வைக்காதே" என்று திட்டி எழுதியிருக்கிறார் ஒருவர். கடையை மூடச் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு நல்ல கையுறையும், ஆயில் இறங்காத தரையும், ஆசிட்டோடு பேட்டரியை வாங்கிக்கொள்ளும் ஆளும் வேண்டும் என்கிறேன். இந்த வேலை தெரிந்த கைகள் அவர்களுடையவைதான். மையம் என்ற பெயரில் பெரிய முதலாளிகள் மட்டும் வந்து இவர்களை வெளியே தள்ளினால் அதையும் எதிர்ப்பேன்.

14 செப்டம்பர்

அமெரிக்காவில் 2009இல் பழைய காரைக் கொடுத்து அதிக மைலேஜ் தரும் புதுசு வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் தந்தார்கள். ரெண்டு மாசத்துக்குள் 6.7 லட்சம் கார்களுக்கு மேல் போயின. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: வாங்கிய காரின் ஆயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார்கள். சில நிமிஷத்தில் உள்ளே கண்ணாடி மாதிரி இறுகி இன்ஜின் நின்றுவிடும். மறுபடி எந்த வண்டியிலும் ஏறாது.

எங்கள் இன்ஜின் என்ன ஆனது தெரியுமா? போன ஞாயிறு கடைக்காரரே பெருமையாகச் சொன்னார். "உங்க இன்ஜினா? நல்ல இன்ஜின் சார், அப்பவே திருவண்ணாமலைப் பக்கம் ஒருத்தர் வாங்கி வேற வண்டியில ஏத்திட்டார்." நாங்கள் வண்டியை ஒழித்தோம் என்று நினைத்தோம். புகை மட்டும் ஊர் மாறியிருக்கிறது.

15 செப்டம்பர்

நைனாவிடம் இதைச் சொன்னேன். "அது இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். முகத்தில் ஒரு சந்தோஷம். 15 வருஷம் அவருக்குச் சோறு போட்ட இன்ஜின். அவரிடம் அதற்குமேல் நான் புகையைப் பற்றிப் பேசவில்லை.

21 செப்டம்பர்

காயலான் கடையில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாங்கள் ஆர்சியை ரத்து செய்யாமலே வண்டியைக் கொடுத்துவிட்டோம். ஏழு மாசம் கழித்து எங்கேயோ வேறு மாவட்டத்தில் ஹெல்மெட் போடவில்லை என்று என் போனுக்கு அபராதம் வந்தது. எங்கள் குட்டி யானை நம்பரை யாரோ பைக்கில் மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். அதைத் தீர்க்க நான்கு நாள் வேலையை விட்டு அலைந்தேன். அந்த நம்பர் நாளைக்கு ஒரு விபத்தில் மாட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன்?

பதிவு பெற்ற மையத்தில் கொடுத்தால் முதலில் ஒப்படைப்புச் சான்று தருவார்கள், உடைத்த பின் உடைப்புச் சான்று. சேஸிஸ் நம்பர் பொறித்த துண்டை வெட்டித் தனியாக வைப்பார்கள். ஆர்சியும் ரத்தாகிவிடும். அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

28 செப்டம்பர்

"சான்றால் என்ன லாபம்?" புது வண்டி எடுக்கும்போது பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்று மத்திய விதி. இதெல்லாம் புதுசு வாங்குகிறவனுக்கு. பழசை விற்றுவிட்டு இன்னொரு பழசு வாங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

28 செப்டம்பர், மாலை

ஆம்பூர் நண்பர் திருத்தினார், நன்றி. அந்தச் சான்றை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், விற்கலாம். அப்படியானால் காலையில் எழுதிய கடைசி வரி தப்பு. ஆனால் இது மார்க்கெட்டில் லோடு அடிக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இன்று மாலைதான் தெரிந்தது. எஃப்சிக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாமே. மையத்துக்கு வண்டியை ஏற்றிப்போகிற வாடகையும் பெரிய தடை. வேலூரிலிருந்து சென்னைப் பக்கம் கொண்டுபோகிற செலவைக் கழித்தால் காயலான் கடைக்காரர் தருவதே மேல் என்றுதான் எல்லோரும் முடிவெடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். வண்டியை வாங்க வாசலுக்கு வருகிறவர் பக்கம்தான் ஜனங்கள் போவார்கள். மையமும் வாசலுக்கு வரவேண்டும்.

4 அக்டோபர்

குடியாத்தம் தம்பி காரை இங்கே கொண்டுவந்தார். குழாயை ஒழுங்காக நுழைத்து அளக்கிற இடம் ஒன்று எனக்குத் தெரியும், அங்கே போனோம். கார்பன் மோனாக்சைடு 1.8 சதவீதம். அந்தக் காருக்கு 0.5 தாண்டக்கூடாது. தம்பி முகம் வாடிவிட்டது. நாலு பிளக், ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் மாற்றினோம், திராட்டில் பாடியைக் கழுவினோம். மொத்தம் 4,600 ஆனது. மறுபடி அளந்தபோது 0.3.

காரை வைத்துக்கொள்கிறார். 10,000 கட்டப்போகிறார். மாசத்துக்கு 150 கிலோமீட்டர் ஓடுகிற, 0.3 காட்டுகிற கார் இன்னும் ஐந்து வருஷம் இருக்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

12 அக்டோபர்

அந்தக் காயலான் கடைக்கு மறுபடியும் போனேன், இந்த முறை தம்பியும் கூட வந்தார். கடைக்காரர் முதலில் முறைத்தார். "என்ன சார், கம்ப்ளெயிண்ட் எழுதப்போறீங்களா?" என்றார். பையன் கையைக் காட்டிப் பேசினேன். அவருடைய சொந்த அக்கா மகனாம். பழைய பேட்டரியை ஆசிட்டோடு எடுத்துக்கொண்டு விலை தருகிற டீலர் நம்பரைக் கொடுத்தேன். விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம், யோசிக்கிறேன் என்றார்.

கிளம்பும்போது கூப்பிட்டு, வண்டி பிரிக்கிற இடத்தில் மட்டும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்கு சிமெண்ட் தரை போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். நடுவில் ஒரு தொட்டி கட்டி ஆயில் அதில் இறங்குகிற மாதிரி செய்யலாம் என்று சொன்னேன். சரிவை எந்தப் பக்கம் வைக்கணும் என்றார். தொட்டிப் பக்கம் அண்ணே, சாக்கடைப் பக்கம் ஒரு இஞ்ச்கூட வேண்டாம் என்றேன். கொத்தனாரை வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறோம்.